வெச்சுக்குவோம்

வந்து உட்கார்ந்த மூன்றாவது நிமிடம் அந்த வார்த்தை வந்துவிடும். "ஒரு கடைக்கு ஆயிரம் ஆர்டர்னு வெச்சுக்குவோம் சார்."

நான் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு டார்க் ஸ்டோரில் இன்சார்ஜ். பத்து நிமிடத்தில் பால் பாக்கெட் வாசலுக்கு வருகிறதே, அந்தக் கடை. வாங்குகிறவர் யாரும் உள்ளே காலெடுத்து வைக்க மாட்டார். மார்க்கெட் ரிசர்ச்காரர் மட்டும் வருவார். இந்த முறை அவர் அளக்க வந்தது மைக்ரோ ஃபுல்ஃபில்மென்ட் சந்தையை. அதாவது பெரிய குடோனை ஊருக்கு வெளியே கட்டாமல், வீடுகளுக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒன்று போட்டு, சாமான் எடுக்கிற வேலையை ரோபோவிடம் விட்டுவிடுவது.

ரோபோ மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நார்வேக்காரர்களின் ஆட்டோஸ்டோர் ஓடுவதை வீடியோவில் வாய் பிளந்து பார்த்தவன் நான். பெட்டி மேல் பெட்டியாக நெருக்கி அடுக்கியிருக்கும், உச்சியில் தண்டவாளம் போட்டு ரோபோ ஓடும். அடிப்பெட்டி வேண்டுமானால் மேலே உள்ளதையெல்லாம் தூக்கி ஓரம் வைத்துவிட்டுத் தோண்டி எடுக்கும். அடிக்கடி கேட்கிற சரக்கு நாளடைவில் தானாக மேலே வந்துவிடும், கேட்பாரற்றது அடிக்குப் போய்விடும். எங்கள் அம்மாவின் பரண் அப்படித்தான். இட்லிக் கொப்பரை முன்னால் இருக்கும், முறுக்கு அச்சுக்கு ஏணி போட வேண்டும்.

எனக்கு எரிச்சலெல்லாம் பெருக்கல் மேல்தான். டீ வந்தது. அவர் ஆரம்பித்தார்.

"சென்னையில இந்த மாதிரி முந்நூறு கடைன்னு வெச்சுக்குவோம். சென்னை மாதிரி பத்து ஊர்னு வெச்சுக்குவோம். அதுல பாதிப் பேர் மிஷின் போடுறாங்கன்னு வெச்சுக்குவோம். மிஷின் அஞ்சு கோடி."

"ஏன் சார் அஞ்சு?"

"வெச்சுக்குவோம் சார்."

7,500 கோடி. என் டீயில் ஆடை படிவதற்குள் வருஷத்துக்கு 30 சதவீத வளர்ச்சியையும் வெச்சுக்கொண்டு, 2032-இல் 47,000 கோடிக்குப் போய்விட்டார். வடை சாப்பிட்டிருந்தால் லட்சம் கோடியைத் தொட்டிருப்பார்.

இதற்கு மேல் டாம், சாம், சோம் என்று மூன்று சகோதரர்கள். டாம் என்றால் மொத்தச் சந்தை, சாம் நம் கை எட்டுகிற பங்கு, சோம் நிஜமாகவே கைக்கு வரக்கூடியது. ஸ்லைடில் டாம் பூசணிக்காய் அளவு வட்டம். சோம் அதற்குள் ஒரு கடுகு. கடுகைப் பற்றி நான் கேட்டால் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார்.

"வெப்வான்னு ஒண்ணு இருந்துச்சே சார்?" என்றேன். அமெரிக்காவில் 1999-இல் 26 குடோன் கட்ட பெக்டெல்லிடம் நூறு கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டு, 2001-இல் திவாலான மளிகைக் கம்பெனி. "அது அந்தக் காலம் சார்." சரி, இந்தக் காலம்: சூப்பர் மார்க்கெட்டுக்குள்ளேயே இந்த ரோபோ குடோனைப் போட்டுக் கொடுத்த டேக்ஆஃப் 2024-இல் திவால், கனடாவின் அட்டாபாட்டிக்ஸ் 2025-இல் திவால். அவர் முகம் மலர்ந்தது. "போட்டி குறையுது பாருங்க!" 'கன்சாலிடேஷன்' என்று டைப் அடித்துக்கொண்டார்.

உள்ளே கூட்டிப்போய்க் காட்டினேன். பையன் ஒருவன் கையில் போனோடு ரேக்குகளுக்கு நடுவே ஓடுகிறான். பிஸ்கட், சோப்பு, ஷாம்பு எடுத்தாயிற்று. கொத்தமல்லிக் கட்டில் அழுகின தண்டு ரெண்டை உருவிப் போட்டுவிட்டு மீதியைப் பையில் போடுகிறான். "இதை உங்க மிஷின் செய்யுமா?" என்றேன். கொத்தமல்லியைப் பார்த்தார். "கீரையை விட்டுட்டு வெச்சுக்குவோம்." அந்தப் பையன் சம்பளத்தில் ஐந்து கோடியை எடுக்க எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்க வாயெடுத்தேன், அதையும் எதையாவது வெச்சுக்கொள்வாரே என்று விட்டுவிட்டேன்.

கிளம்பும்போது, "உங்க கடைக்கு எவ்வளவு சார் ஆர்டர்?" என்றார். எழுநூறு என்றேன். மழை நாளில் கொஞ்சம் கூடும், ஆடி மாதம் எங்களுக்கு ஒன்றும் குறையாது என்றெல்லாம் விவரமாகவே சொன்னேன். தலையாட்டிக்கொண்டே, "ஆயிரம்னு வெச்சுக்குவோம், ரவுண்டா இருக்கும்" என்றார்.

சிரிப்பு அதோடு சரி. ரெண்டு மாதம் கழித்து எங்கள் ஏரியா மேனேஜர் ஒரு ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். 'துறை வல்லுநர்களின் கூற்றுப்படி கடைக்கு நாளொன்றுக்குச் சராசரி 1,000 ஆர்டர்.' அந்தத் துறை வல்லுநர் நான்தான். "ஊரெல்லாம் ஆயிரம் போகுது, உன் கடை மட்டும் ஏன்யா எழுநூறு?" என்று கேட்டார். அந்த மாத இன்சென்டிவ் போயிற்று. அதை எந்த வட்டத்துக்குள் போடுவது?

ரிசர்ச்கார மனுஷன் கெட்டவர் இல்லை. என் மகள் காலேஜ் அட்மிஷனுக்கு அரை நாள் லீவு போட்டுக் கூடவே அலைந்தவர். போன வாரம் அவர் தெரு அண்ணாச்சி கடையில் பார்த்தேன். அண்ணாச்சி கணக்கு நோட்டைப் புரட்டிவிட்டு, "பாக்கி ஐந்நூறுன்னு வெச்சுக்குவோமா தம்பி?" என்றார்.

"எப்படி அண்ணாச்சி? நானூத்தி எழுபத்திமூணு. சனிக்கிழமை தேங்காய் திருப்பிக் கொடுத்தேனே, அதைக் கழிச்சீங்களா?"