பயணப்படிப் பண்டிதர்

மத்திய அரசு அலுவலகங்களில் பிரிவுக்கு ஒருவராவது பயணப்படிப் பண்டிதர் இருப்பார். மற்றவர்கள் ஊருக்குப் போய் வந்து பில் எழுதுவார்கள். இவர் பில்லை மனத்துக்குள் எழுதி முடித்துவிட்டுத்தான் பெட்டியை எடுப்பார்.

ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டி 2017-இல் வந்த ஆணை இவருக்கு மனப்பாடம். ஒரு நாளில் தலைமையிடத்தை விட்டு 6 மணி நேரத்துக்கும் குறைவாக வெளியே இருந்தால் சாப்பாட்டுப் படியில் 30 சதவீதம். 12 மணி நேரம் வரை 70. அதற்கு மேல் முழுப்படி. நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. ஆகவே பகல் 12 மணிக்குப் பிறகு புறப்படும் வண்டி எதுவும் இவருக்கு ஒத்துவராது. திரும்பும் வண்டி 11.40-க்கு வரவேண்டியது, அரை மணி தாமதம் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி முழுவதும் ரயில்வேயைத் திட்டிக்கொண்டிருக்க, இவர் ஒருவர் முகத்தில்தான் களை கட்டும்.

போன ஊருக்குள் சுற்றுவதற்கு 6 முதல் 8 வரையிலான ஊதிய நிலைகளுக்கு 2017-இல் நாளொன்றுக்கு ரூ.225 வரை என்று வரம்பு வைத்தார்கள். ரசீது வேண்டாம், வண்டி எண்ணைக் குறித்து, தானே சான்றளித்தால் போதும். இதனால் கல்யாண வீட்டுக்குப் போகும்போதுகூட ஆட்டோவின் பின்பக்கத்தைப் பார்த்த பிறகே ஏறுவார்.

ஆனால் சண்டை பெரும்பாலும் நடையில்தான் வெடிக்கும். கால்நடையாகப் போனாலும் படி உண்டு, 2017-இல் அதே ஆணை வைத்த விகிதம் கிலோமீட்டருக்கு ரூ.12. பலர் இதைக் கவனிப்பதே இல்லை, பண்டிதர் கவனித்துவிட்டார்.

“லாட்ஜிலிருந்து ஆபீஸ் ஒரு கிலோமீட்டர்தானே சார், ரெண்டு போட்டிருக்கீங்க?” என்பார் கணக்குப் பிரிவு எழுத்தர்.

“ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தான் சார். சுத்தித்தான் போகணும்.”

“தோண்டினதுக்கு ஆதாரம்?”

அன்றே விளக்கக் கடிதம் போகும். அதன்மீது குறிப்பு, குறிப்பின்மீது ஆட்சேபம், ஆட்சேபத்தின்மீது மேல்முறையீடு. இரு பிரிவுகளுக்கிடையே அந்தக் கோப்பு நடந்த தூரத்துக்கு யாரும் படி கேட்பதில்லை. பயணப்படி கோர 2018 முதல் 60 நாள்தான் கெடு என்பதால் பண்டிதர் மறுநாளே பில்லைக் கொடுத்துவிடுவார். அந்த ஒரு கிலோமீட்டரை வெட்டிப் பாக்கியை வழங்கினால் “ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்” என்று எழுதித்தான் கையெழுத்திடுவார்.

தங்கும் செலவில் மட்டும் இவர் வாயைத் திறப்பதில்லை. வரம்புக்குள் (2017-இல் நாளுக்கு ரூ.750) இருந்தால், தங்கிய இடத்தின் பெயரைக் குறித்தாலே போதும். மதுரையில் இவருடைய மச்சினர் வீட்டு வாசலில் ‘முருகன் நிலையம்’ என்று கல்வெட்டு இருக்கிறது.

பதவி உயர்வு வந்து நிலை 9-ஐத் தொட்டதும்தான் சோதனை. விமானத்தில் பறக்கலாம், தங்குவதற்கான வரம்பும் உயரும் (2017-இல் ரூ.2,250). ஆனால் ரசீது கட்டாயம். மச்சினரிடம் பில் புத்தகம் கிடையாது.