பதினாறில் ஒரு பங்குச் சேறு: ரிமோட் டைகர் டாங்கியின் அழுக்கு குறித்து ஓர் ஆய்வு

தமிழில் எந்த ஆய்வேடும் தொல்காப்பியரிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது நியதி. ரிமோட்டில் ஓடும் பொம்மை டாங்கியைப் பற்றித் தொல்காப்பியர் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் பாதகமில்லை. சொல்லாததையெல்லாம் அவர் உய்த்துணர வைத்தார் என்று கொள்வதே மரபு. அப்படிக் கொண்டு முனைவர் பட்டம் வாங்கியவர்கள் இப்போது ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். இவ்வாய்வும் அவரை உரிய முறையில் வணங்கிவிட்டு மேலே செல்கிறது.

ஆய்வுப் பொருள்: இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி இறக்கிய டைகர் 1 என்ற கனரக டாங்கியின் 1/16 அளவு மாதிரி. ஆய்வெல்லை: சாப்பாட்டு மேசை, மொட்டை மாடி, இரண்டுக்கும் நடுவே உள்ள படிக்கட்டு. கருதுகோள்: மாதிரி டாங்கி வாங்கியவன் அதை வாங்கியபடியே ஓட்டமாட்டான். முதன்மைச் சான்று: பெட்டிக்குள் இருந்த கையேடு. துணைமைச் சான்று: கையேட்டைப் படிக்காதவர்கள் அதைப் பற்றிச் சொன்னவை. பிந்தையதே எப்போதும் பருமனில் பெரியது என்பதை நூலகங்களின் இலக்கியத் திறனாய்வு அலமாரிகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

முதல் இயல், அளவு. அசல் டைகர் 57 டன். பீரங்கிக் குழாயையும் சேர்த்தால் 8.45 மீட்டர் நீளம். பதினாறால் வகுத்தால் 53 சென்டிமீட்டர், சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டுகளுக்கான இடம் (கையேடு, ப. 2, தட்டுகள் என் சேர்க்கை). இந்த அளவில் ஒரு போல்ட்டின் தலை அரை மில்லிமீட்டர் பெரிதாக இருக்கிறது என்று வெர்னியர் காலிப்பரோடு கிளம்புகிற ஒரு கூட்டம் உலகெங்கும் உண்டு. அவர்களுக்கு ஒரு தகவல். மாதிரிப் போர் வண்டிகளில் வேதம்போல் மதிக்கப்படும் 1/35 என்ற அளவு எப்படி வந்தது? 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஷிஸுவோகாவில் தமியா நிறுவனம் மோட்டாரில் ஓடும் பான்தர் டாங்கி ஒன்றைச் செய்தது. மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்குகிற மாதிரி வயிற்றை வகுத்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் ஏறக்குறைய 35-இல் ஒரு பங்கு. அதையே உலகம் பின்பற்றிவிட்டது. ஆகவே அரை மில்லிமீட்டர் பிழை கண்டு கட்டுரை எழுதுவோர், பேட்டரி செய்தவருக்கும் ஒரு பிரதி அனுப்புவது முறை.

இரண்டாம் இயல், இயக்கம். மலிவான பெட்டிகளில் வருவது பிளாஸ்டிக் டிராக். எடையில்லாததால் அசல் வண்டியில் இருப்பதுபோல் சக்கரங்களின் மேல் தொய்ந்து படியாது. இழுத்துக் கட்டிய கொடிக்கயிறாக நிற்கும். இது கண்ணை உறுத்தும். உலோக டிராக் வாங்குவீர்கள். உலோக டிராக் பிளாஸ்டிக் ஸ்ப்ராக்கெட்டின் பல்லைத் தின்றுவிடும். உலோக ஸ்ப்ராக்கெட் வாங்குவீர்கள். இந்தக் கனத்தை இழுக்கக் கியர் பாக்ஸ் திணறும். ஸ்டீல் கியர் பாக்ஸ் வாங்குவீர்கள். அதற்கு வலுவான மோட்டார், மோட்டாருக்கு வலுவான பேட்டரி, பேட்டரிக்குத் தனி சார்ஜர். முடிவில் மூலத்தில் எஞ்சுவது மேல்மூடியும் கையேடும்தான். ஏட்டுச் சுவடிப் பதிப்பாளர்கள் இந்த நிலையை நன்கறிவார்கள்: இடைச்செருகல்களை நீக்கிப் பார்த்தால் நூலே இல்லை. "இதுக்கு மொதல்லயே நல்லதா ஒண்ணு வாங்கியிருக்கலாமே" என்பது ஒரு கருத்து (மைத்துனர், வாய்மொழி, சாப்பாட்டு மேசை, ரசத்துக்கு முன்). "பொம்மைக்கு எதுக்கு இவ்வளவு" என்பது இன்னொரு கருத்து (மேற்படியார், மேற்படி மேசை, ரசத்துக்குப் பின்). இவ்விரண்டும் பாடபேதங்களா, ஆசிரியரின் கருத்து வளர்ச்சியா என்பது தனி ஆய்வுக்குரியது.

மூன்றாம் இயல், புகை. சுடுகம்பியில் எண்ணெய் பட்டு ஆவியாக, குட்டிப் பம்பு அதை வெளியே ஊதுகிறது, வீட்டிலும் புகைகிறது.

நான்காம் இயல், நிறம். 1943 பிப்ரவரியில் ஜெர்மானியப் படை, வண்டிகளுக்கு அடிநிறம் கரும்மஞ்சள் என்று ஆணையிட்டது. அதன்மேல் பூசச் செம்பழுப்பும் பச்சையும் பசையாகக் கொடுக்கப்பட்டன. களத்தில் கிடைத்ததைக் கலந்து, தண்ணீரோ பெட்ரோலோ, கரைத்துப் பூசிக்கொண்டார்கள். பூசியவன் கை, கலந்த திரவம், அடித்த வெயில் எல்லாம் சேர்ந்து, ஒரு வண்டியைப்போல் இன்னொன்று இல்லை. சரியான நிறம் என்று ஒன்று இருந்ததே கிடையாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். சான்று இப்படி இருக்கும் இடங்களில்தான் அறிஞர்கள் குரலை உயர்த்துவார்கள்.

காந்தக் கண்ணிவெடி ஒட்டாமலிருக்கப் பூசிய ஸிம்மெரிட் என்ற வரிவரியான காரையும் இவ்வியலில் அடங்கும். எம்-சீலை மெலிதாகத் தடவிச் சீப்பால் கோடு இழுத்தால் வந்துவிடும். பேன் சீப்பே உத்தமம். இந்தக் காரை 1943-இன் பிற்பாதியில்தான் புழக்கத்துக்கு வந்தது, 1944 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. டைகர்கள் போரிட்ட ட்யுனீசியாவில் சண்டை 1943 மே மாதத்திலேயே முடிந்துவிட்டது. ஆகவே ட்யுனீசிய டைகருக்குச் சீப்பு போடுவது காலவழு. பேன் சீப்பை அதன் உரிமையாளரைக் கேட்காமல் எடுத்தது வேறு வகை வழு. இலக்கணிகள் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

ஐந்தாம் இயல், சேறு. மற்ற இயல்கள் இதற்கு வாயிற்படி என்று கொள்க.

சேறு திணைவகையால் ஐந்து. குறிஞ்சிச் சேறு சரளை கலந்தது; முல்லைச் சேறு சிவந்தது; மருதச் சேறு ஒட்டுவது; நெய்தற் சேறு உப்புப் பூப்பது; பாலைக்குச் சேறில்லை, தூசு உண்டு. டைகர் எங்கே போனதென்று பார்த்து அந்தத் திணையின் அழுக்கைப் பூச வேண்டும். ட்யுனீசியா ஆப்பிரிக்காவில் இருப்பதால் அது பாலை என்று முடிவுகட்டி, டாங்கிமேல் மணலைத் தூவிவிடுவோர் பலர். இது பெரும்பிழை. சண்டை நடந்த வட ட்யுனீசியா கோதுமை விளையும் குன்றுப் பகுதி. குளிர்காலத்தில் மழை கொட்டும். 1942 டிசம்பரில் நேச நாட்டுப் படைகள் ட்யுனிஸ் நகரைப் பிடிக்கப் போனபோது அவர்களை நிறுத்தியதில் எதிரிக்கு நிகரான பங்கு சேற்றுக்கு உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அந்தப் பக்கம் பார்வையிடப் போன நேச நாட்டுப் படைத் தளபதி ஐசனோவர், வயலில் சிக்கிய ஒரு மோட்டார் சைக்கிளைச் சிப்பாய்கள் இழுத்துப் பார்த்து முடியாமல் நிற்பதைக் கண்டார், தாக்குதலைத் தள்ளிவைத்தார். எனவே ட்யுனீசியாவின் திணை மருதம் என்பது துணிபு. நெறியாளர் மட்டும் அதை முல்லை என்றார். நெறியாளர் சொன்னதால் அடிக்குறிப்பில் முல்லை. உண்மை என்பதால் கட்டுரையில் மருதம்.

ட்யுனீசியாவில் 1943 ஏப்ரலில் பிடிபட்ட டைகர் 131 இன்றும் இங்கிலாந்தின் போவிங்டன் அருங்காட்சியகத்தில் ஓடும் நிலையில் இருக்கிறது. அது எந்தக் குன்றருகே பிடிபட்டது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்ததோ அந்தக் குன்று பிறகு மாற்றப்பட்டது. ஐம்பத்தேழு டன் இரும்பு எங்கே நின்றதென்பதே இப்படித் திருத்தத்துக்கு உள்ளாகும் உலகில், அதன் சக்கரத்தில் ஒட்டிய மண்ணின் நிறத்தை அறுதியிட்டுச் சொல்லும் துணிவு எனக்கு உண்டு. ஆய்வாளனுக்கு அது வேண்டும்.

அடுத்தது மணியளவு. ஒரு மில்லிமீட்டர் மணல்துகள் 1/16 உலகில் 16 மில்லிமீட்டர். அதாவது அரையங்குல ஜல்லிக்கும் மேலே. மாடித் தொட்டியிலிருந்து அள்ளிய மண்ணை அப்படியே பூசினால், டாங்கி சேற்றில் போனதாகத் தோன்றாது, வீடு கட்டுமிடத்தில் விழுந்ததாகத் தோன்றும். சலிக்க வேண்டும். மாவுச் சல்லடை போதாது. டீ வடிகட்டி ஓரளவு போதும். வெள்ளை வேட்டித் துணி நன்று. புற்றுமண்ணுக்குச் சலிப்பே வேண்டாம், கறையான் முன்பே அந்த வேலையை முடித்துவிட்டது. ஆனால் எங்கள் பக்கத்துப் புற்றுமண் முல்லைச் சிவப்பு. அதை ஏற்றால் நெறியாளர் ஜெயித்துவிடுவார். டீ வடிகட்டி தொடர்பான சான்று பின்வருமாறு: (மனைவி, வாய்மொழி, சமையலறை வாசல், பால் பொங்குவதற்குச் சற்று முன், பொங்கிய பின் கூறியவை பதிப்பிக்கத் தக்கவை அல்ல, அவற்றின் சுருக்கம் பக்கத்து வீட்டு அத்தையிடம் உள்ளது, அத்தை கேட்டது சுவர் வழியாக என்பதால் எழுவாய்கள் விடுபட்டிருக்கலாம், பயனிலைகள் தெளிவு.)

இன்னொரு ஆவணமும் உண்டு. சேற்றைக் கழுவுகையில் பேட்டரிப் பெட்டியின் அடியில் ஒரு துண்டுச்சீட்டு கிடைத்தது (காகிதம், எண்ணெய்க் கறை, வலப்புறம் சிதைவு, ஐந்து எழுத்துகள். நான்கை வாசிக்க இயலவில்லை. தெளிவாகத் தெரிந்த ஐந்தாவதைக் கொண்டு அச்சீட்டின் காலம், மொழி, தொழிற்சாலை ஆகியவற்றை நிறுவி இரண்டு பக்கம் எழுதிய பின், அது நகர்ந்து விளிம்பைக் கடந்ததால் எறும்பு எனத் துணியப்பட்டது. இரண்டு பக்கங்களும் பின்னிணைப்பாகக் காக்கப்பட்டுள்ளன, கருத்தரங்கில் வாசிக்கப்படும்).

இனி அமிழ்தல். இங்கேதான் முன்னோடிகள் எல்லோரும் கோட்டை விட்டார்கள். நீளம் பதினாறில் ஒரு பங்கானால் எடை 4,096-இல் ஒரு பங்காக வேண்டும்: ஏறக்குறைய 14 கிலோ. கடையில் வாங்கும் பிளாஸ்டிக் டாங்கி அதில் பாதிகூட இராது. சரி, ஈயத்தைத் திணித்து 14 கிலோ ஆக்குகிறோம். அப்போதும் அது சேற்றில் புதையாது. ஏனென்றால் டிராக் தரையில் படும் பரப்பு 256-இல் ஒரு பங்காகத்தான் குறைகிறது. தரையின் மேல் அழுத்தம் அசலில் பதினாறில் ஒரு பங்குக்கு இறங்கிவிடுகிறது. அசல் டைகர் புதைந்த அதே சேற்றில் அதே கண்ணியத்தோடு நம் டாங்கி புதைய வேண்டுமானால், அதன் எடை 223 கிலோ இருக்க வேண்டும். ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளையும் அதன் பெட்ரோல் டேங்கில் உட்காரவைத்த பிள்ளையையும் சேர்த்த கனம். அரை மீட்டர் நீளப் பொம்மையில் அவ்வளவையும் திணித்தால் மேசை இறங்கும், பிறகு தளம் இறங்கும். ஐசனோவர் பார்த்த காட்சியை மொட்டை மாடியில் நிகழ்த்த இது ஒன்றே வழி. வீட்டு உரிமையாளரிடம் விண்ணப்பித்திருக்கிறேன்.

கடைசியாகச் சக்கரம். தொடக்கக் கால டைகரின் சக்கரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பின்னிய ஓலைபோல் அடுக்கியவை: பக்கத்துக்கு 8 அச்சு, அச்சுக்கு 3, ஆக 24. ரஷ்யக் குளிரில் இந்த இடுக்குகளில் புகுந்த சேறு இரவில் உறைந்து, காலையில் வண்டி நகராது. உள்வரிசைச் சக்கரம் ஒன்று கெட்டால் வெளிவரிசையில் பலவற்றைக் கழற்ற வேண்டும். மாதிரியிலும் இந்த அமைப்பை நேர்மையாகச் செய்திருக்கிறார்கள். மண் புகுந்தால் அச்சைத் தேய்க்கும், கியரைக் கடிக்கும், சின்னத் திருப்புளியோடு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போகும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் நிஜச் சேற்றில் ஓட்டுவதில்லை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், வண்ணப்பொடி, பெவிகால் மூன்றையும் பிசைந்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தெளித்து, காயவைத்து, கண்ணாடி அலமாரியில் வைப்பார்கள். தப்பித் தவறி மழைநாளில் ஓட்டினால் உடனே கழுவித் துடைத்துவிடுவார்கள். சேற்றில் போகாத டாங்கியில் சேறு இருக்கும், போன டாங்கியில் இராது. இது வழுவன்று, வழுவமைதி. களஆய்வுக்கே போகாதவரின் ஆய்வேட்டில்தான் களஆய்வு இயல் நீளமாக இருக்கும் என்பதையும் இங்கே ஒப்புநோக்குக.

மேலாய்வுக்குரிய களங்கள்: தூசு, துரு, தூசின்மேல் துரு, டாங்கியில் தொங்கும் வாளிக்குள் இருக்க வேண்டிய தண்ணீரின் மட்டம். நல்கைக்கான விண்ணப்பம் அணியமாக உள்ளது. இணைப்பு: மருதச் சேறு, ஒரு கிலோ, மூன்று பிரதிகள், ஒவ்வொன்றிலும் அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரின் சான்றொப்பத்துடன், மேலொப்பத்துக்குச் சேறு ஈரமாக இருக்கும்போதே அணுகவும்.