பெட்டியியல்: வீடு மாறியபின் சாமான் பிரிப்பது குறித்து ஓர் ஆய்வு

இவ்வாய்வின் களம் சென்னை மேடவாக்கத்தில் இரண்டாம் மாடியில் இருக்கும் ஒரு வாடகை வீடு. காலம், ஆவணி முதல் வாரத்திலிருந்து இதை எழுதும் ஐப்பசி வரை. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதால் ஆவணி பிறந்ததும் ஊரே மாறுகிறது. அந்த வாரத்தில் குட்டி யானை கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்த ஒன்றும் எங்கள் பழைய வீடு இருந்த திருவல்லிக்கேணிச் சந்துக்குள் நுழையாமல் முனையிலேயே நின்றுகொண்டது. நான்கு நடை அடித்தோம். ஆய்வுக்குக் கிடைத்த மூலங்கள்: அட்டைப்பெட்டி 43, சாக்குமூட்டை 6, கட்டைப்பைகள் கணக்கில் சேரவில்லை. நெறியாளர் என் மனைவி. தகவலாளி என் அம்மா. ஆய்வாளன் நான்.

முதலில் ஆய்வுச் சிக்கல். குடிவந்த அன்று ராத்திரி குக்கர் கிடைத்தது, மூடி கிடைத்தது, காஸ்கெட்கூடக் கிடைத்தது. வெயிட் கிடைக்கவில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான்தான். ஆனால் அது ஆவிக்குழாயின் வாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால்தான் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைப்போல் ஏறக்குறைய இரு மடங்காகிறது, தண்ணீர் 100 டிகிரியில் நின்றுவிடாமல் 120 வரை சூடேறுகிறது, துவரம்பருப்பு குழைகிறது. அது இல்லாத குக்கர், மூடித் திறக்கச் சிரமமான ஒரு பாத்திரம், அவ்வளவுதான். தெருமுனை ஓட்டலில் இட்லி வாங்கிச் சாப்பிட்டோம். "எந்தப் பெட்டியிலங்க போட்டீங்க?" என்று நெறியாளர் கேட்டார். பெட்டியியல் என்னும் துறை அந்தக் கேள்வியில் பிறந்தது.

இத்தனைக்கும் பால் காய்ச்சும் பாத்திரம் தொலையவில்லை. எந்த வீட்டிலும் தொலைந்ததாகத் தெரியவில்லை. உப்பு, மஞ்சள், அரிசி, நிறைகுடம், சாமி படம் எல்லாம் கையிலேயே வந்துவிடுகின்றன, வண்டியில் ஏறுவதில்லை. கையில் வந்தது கிடைக்கும், தோளில் வந்தது தேட வேண்டும் என்பது என் முதல் கருதுகோள். வெயிட்டையும் சாமி பையில் போட்டிருக்கலாம். நல்ல நேரம் பார்த்துக் கொடுத்த ஜோசியர் இதைச் சொல்லவில்லை.

இனி இலக்கணம். தொல்காப்பியர் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காக வகுத்தார். வீட்டுச் சாமானும் அப்படியே. கட்டில், பீரோ, அண்டா முதலியன பெயர்ச்சொற்கள்; எங்கே போட்டாலும் தம் பெயரோடு நிற்கும். மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் ஆகியன வினைச்சொற்கள். அவற்றுக்குக் காலம் உண்டு, பெரும்பாலும் இறந்தகாலம். இடைச்சொல் தனித்து இயங்காது, பெயரையும் வினையையும் சார்ந்தே நிற்கும் என்று எட்டாம் வகுப்பில் படித்தபோது எனக்குப் பிடிபடவில்லை. குக்கர் வெயிட்டைத் தேடிய ராத்திரிதான் பிடிபட்டது. டப்பா மூடி, ரிமோட், சார்ஜர், கட்டிலின் நட்டும் போல்ட்டும், கொசுவலைக் கயிறு எல்லாம் இடைச்சொற்கள். தனியாக ஒரு பொருளும் தராதவை. ஆனால் அவை இல்லாவிட்டால் வாக்கியம் முடியாது. முதல் பதினோரு நாள் எங்கள் கட்டில் நான்கு துண்டாகச் சுவரில் சாய்ந்திருந்தது. நாங்கள் தரையில் படுத்தோம். உரிச்சொல்லை இங்கே விரிக்கவில்லை. அது என்னவென்று எனக்குக் கல்லூரியிலும் விளங்கவில்லை.

பெட்டியின் மேல் எழுதும் பெயரைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். மளிகைக்கடையில் கெஞ்சி வாங்கிய பெட்டிகள் என்பதால் ஒவ்வொன்றுக்கும் அச்சடித்த பெயர் ஒன்று முன்பே இருந்தது: ஆப்பிள், பிஸ்கட், சோப்பு. அதன்மேல் ஸ்கெட்ச் பேனாவால் நாங்கள் எழுதியது இரண்டாவது பெயர். 'ஆப்பிள்' என்று அச்சிட்டு, 'ஹால் புத்தகம்' என்று எழுதி, உள்ளே பார்த்தால் வெந்நீர் போடும் ஹீட்டரும் கொலு பொம்மைச் செட்டியாரும். இரண்டு சொல் சேர்ந்து நின்று, இரண்டையும் விட்டு வேறொன்றைக் குறிப்பதற்கு அன்மொழித்தொகை என்று பெயர். 43 பெட்டிகளில் 17 இந்த வகை. 'இதர' என்று எழுதியவை ஒன்பது. 'முக்கியம்' என்று எழுதியது ஒன்றே ஒன்று. அதில் பழைய கரண்ட் பில்கள் மட்டும் இருந்தன. எழுதியது என் கையெழுத்து என்பதை நெறியாளர் பதிவு செய்யச் சொல்கிறார், செய்துவிட்டேன்.

அடுத்து, கல்வெட்டு. ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானியர் 1886-இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக வந்து, 1890-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியை வெளியிட்டார். கோயில் சுவர்களை எல்லாம் படியெடுத்தவர்கள் எவர்சில்வர் சாமான் மூட்டையை ஏன் விட்டார்கள் என்பது தெரியவில்லை. நம் வீடுகளில் பேர் வெட்டாத பாத்திரம் உண்டா? யார் கல்யாணம், யார் காதுகுத்து, எந்தத் தேதி என்று அத்தனையும் தூக்கின் கழுத்திலும் தாம்பாளத்தின் விளிம்பிலும் இருக்கிறது. புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து, பாதி தேய்ந்திருக்கும், மீதியை விரலால் தடவிப் படிக்க வேண்டும். மூன்றாம் மூட்டையில் ஒரு சம்படம் கிடைத்தது. வெட்டு வாசகம்: 'கா.மு. 1984'. எங்கள் வம்சத்தில் கா.மு. யாரும் இல்லை.

தகவலாளியிடம் விசாரித்தேன். "அது பக்கத்து வீட்டு மாமி பாயசம் குடுத்தனுப்பினதுடா. வெறும் பாத்திரமா திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு வெச்சிருந்தேன்."

"எப்போம்மா?"

"நீ ஏழாங்கிளாஸ் படிக்கறப்போ."

அடுத்தவர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது மரியாதையில்லை. அதில் எதையாவது போட்டுத் தர வேண்டும். போடத் தகுந்ததாக ஒன்றைச் செய்யும்வரை பாத்திரம் நம்மிடமே இருக்கும். அந்த நாள் வருவதற்குள் அவர்களோ நாமோ வீடு மாறிவிடுவோம். தமிழ்நாட்டில் சம்படங்கள் ஒரு குடும்பத்திலிருந்து இன்னொரு குடும்பத்துக்குப் பரவிய வரலாற்றுக்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை என்று நினைக்கிறேன். எங்கள் பேர் வெட்டிய அடுக்கு ஒன்றும் எங்கோ ஒரு பரணில் இதே மரியாதையோடு காத்திருக்கும்.

மண்ணடுக்கு ஆய்வுக்கு வருவோம். 1945-இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது, இத்தாலியில் செய்த பானை ஓடுகள் கிடைத்தன. அந்த ஓடுகளின் காலம் முன்பே தெரியும் என்பதால், அவை கிடந்த அடுக்கின் காலமும் தெரிந்துவிட்டது. 29-ஆம் பெட்டியில் நான் செய்ததும் இதே வேலைதான். மேலே செய்தித்தாள், அதன்கீழ் டெலிபோன் டைரக்டரி, அதன்கீழ் அம்மாவின் பழைய கடுகு டப்பா. டப்பாவுக்குள் நான்காக மடித்த மூன்று பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். அவை செல்லாது என்று அறிவித்தது 2016 நவம்பர் 8 ராத்திரி. அதற்குப்பின் இந்த டப்பாவை யாரும் திறக்கவில்லை என்று முடிவு கட்டினேன். அன்றிலிருந்து நாங்கள் மாறிய வீடு, இதோடு சேர்த்து மூன்று. ஆகவே இந்தப் பெட்டி கட்டப்பட்டு, ஏற்றப்பட்டு, இறக்கப்பட்டு, பரணில் வைக்கப்பட்டு, திறக்கப்படாமலே அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறது, இருமுறை. லோடுமேன் கூலியைக் கணக்கிட்டால் உள்ளே இருந்த ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டிவிடும்.

அம்மா சற்று நேரம் நோட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்கப்பாவுக்குத் தெரியாம எடுத்து வெச்சது" என்றாள். அந்தக் காலத்துப் பெண்கள் வங்கியை நம்பவில்லை என்று எழுதுகிறார்கள். கடுகு டப்பாவையும் நம்பக் கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நோட்டுகளை வைத்துக்கொள்ளலாமா என்று சட்டம் பார்த்தேன். 2017-இல் வந்த சட்டப்படி பத்து நோட்டுவரை யாரும் வைத்திருக்கலாம். ஆய்வுக்கு என்றால் 25 வரை. மேலும் 22 நோட்டு கிடைத்தாலும் எனக்குக் குற்றமில்லை. ஆய்வு என்று சொல்லிக்கொள்வதால் கண்ட ஒரே பலன் இது.

செய்தித்தாள் பற்றி நெறியாளர் சேர்க்கச் சொன்ன குறிப்பு: ஒரு கண்ணாடி டம்ளரைப் பிரிக்க அவருக்கு ஆன நேரம் கால் நிமிடம், எனக்கு இருபது. டம்ளரைச் சுற்றிய தாளில் எப்போதோ முடிந்துபோன டெஸ்ட் மேட்ச்சின் நான்காம் நாள் ஆட்டம் இருந்தது. ஐந்தாம் நாள் எந்த டம்ளரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமல்லவா?

மேனாட்டு, கீழ்நாட்டு அறிஞர் கருத்துகளையும் புறக்கணிக்கவில்லை. ஜப்பானின் மாரி கோண்டோ 2011-இல் எழுதிய நூலில், ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்டு, இல்லாவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடச் சொல்கிறார். பிளேடு கழன்ற மிக்ஸி ஜார் ஒன்றை அம்மாவின் கையில் கொடுத்துக் கேட்டேன்.

"அது எதுக்குடா சந்தோஷம் தரணும்? ஸ்பூன் போட்டு வெக்கலாம். இருக்கட்டும், எதுக்காவது ஆகும்."

'எதுக்காவது ஆகும்' என்பதை வெல்லும் வாதம் எனக்குத் தெரிந்து எந்தத் தத்துவத்திலும் இல்லை. அது பொய்யென்று நிரூபிக்க முடியாது. தூக்கிப் போட்ட மறுவாரமே அந்தச் சாமானுக்கு வேலை வரும். எல்லார் வீட்டிலும் சாட்சி உண்டு. பழைய வீட்டின் சொந்தக்காரர் பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொண்டபோதும் அம்மா இதே வார்த்தையைத்தான் சொன்னாள். ரசீது கேட்டு வாங்கி வை, எதுக்காவது ஆகும். ரசீது ஏதோ ஒரு 'இதர'வில் இருக்கிறது.

ஆய்வின் இன்றைய நிலை: 43-இல் பிரித்தவை 31. மூன்று பரணில் ஏறிவிட்டன. இரண்டின்மேல் பலகை போட்டு டி.வி. வைத்திருக்கிறோம், அவற்றை இனிப் பிரிக்க முடியாது. ஏழு பெட்டிகள் ஹாலில் இருக்கின்றன. வருகிறவர்கள் "இன்னும் செட்டில் ஆகலையா?" என்று கேட்டுக்கொண்டே அவற்றின்மேல் உட்காருகிறார்கள். பிரித்தவை எதிலும் வெயிட் இல்லை. புதிதாக ஒன்று வாங்கிவிட்டோம். வாங்கினால் பழையது கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் வாங்கியது, அதுவும் பொய்த்தது.

எனவே திருவல்லிக்கேணியில் எங்கள் பழைய வீட்டுக்குக் குடிவந்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சமையலறைப் பரணில், இடது ஓரத்தில், கையை நன்றாக உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். கிடைத்தால் சொல்லி அனுப்புங்கள். எங்களிடம் மோட்டார் ரூம் சாவி ஒன்று வந்துவிட்டிருக்கிறது. அது உங்களுடையதாக இருக்கும்.