பனிமூட்டத்துக்குப் புகை மெஷின்

டைரக்டர்: அண்ணே, கொழும்புல இருந்து புகை மெஷின் ரெண்டு வந்துருச்சு. காலையிலேயே மலையில வெச்சு ஊதணும். பச்சை மலை, வெள்ளைப் புகை, நடுவுல கூடையோட ஒரு அக்கா திரும்பிச் சிரிக்கிறா, ட்ரோன் மேல போகுது. பார்க்கிற வெளிநாட்டுக்காரன் அன்னிக்கே டிக்கெட் போட்டுருவான்.

லைட்காரர்: 1,868 மீட்டர் உயரத்துல இருக்கிற நுவரெலியாவுக்குப் புகை மெஷின் சுமந்து வந்த மகராசன் நீங்கதான் தம்பி. பகல் சாப்பாட்டுக்கு அப்புறம் சும்மா நின்னாலே பனிமூட்டம் வந்து சட்டைப்பைக்குள்ள பூந்துக்கும். சரி, ஊதுங்க. ஆனா அந்த அக்கா சிரிக்கிறது யாருக்குத் தெரியும்? பின்னால வெள்ளைப் பனி, அதுக்கும் பின்னால வெள்ளை வானம். ஆட்டோவுல விட்டா கேமரா அந்த வெள்ளையைப் பார்த்து மிரண்டு ஐரிஸைச் சுருக்கிரும். மலை அழகா விழும், முகம் கரியாப் போகும். தலைத்துணி நெத்தியில நிழல் போடுது. வெயில் அடிச்சா தேயிலைத் தூரோட பச்சை வேற கீழ இருந்து தாடையில ஏறுது. ரெண்டு ஸ்டாப் திறந்து, பக்கத்துல ஒரு ரெஜிபோம் பலகையைப் பிடிச்சா முகம் வந்துரும். வானம் கொஞ்சம் வெளுக்கும், வெளுக்கட்டுமே. வானத்துக்கா சம்பளம் பாக்கி?

டைரக்டர்: அது சிலூவெட்ணே. இருட்டுலதான் கலை இருக்கு.

லைட்காரர்: இருக்கட்டும். அப்போ அதே படத்துல ஃபெக்டரிக்குள்ள வெள்ளைக் கோட்டு போட்டுத் தேத்தண்ணி உறிஞ்சிப் பார்க்கிறவருக்கு மட்டும் ஏன் ஒரு சாஃப்ட் லைட், பின்னால ஒரு ரிம் லைட்? அவர் மூக்குல இருக்கிற மச்சம் வரைக்கும் தெரியுது. கலை இருட்டுலதான்னா அவரையும் இருட்டுல நிக்க வெச்சு உறிஞ்சச் சொல்லுங்க. இந்த மாதிரிப் படங்களை வரிசையா வெச்சுப் பாருங்க. கொழுந்து பறிக்கிறவ நிழல், பங்களா வராந்தாவுல கப்பைப் பிடிச்சிருக்கிறவர் பளிச். எந்த முகத்துக்கு மீட்டர் பிடிக்கிறீங்களோ அவங்களுக்காகத்தான் படம். மத்தவங்க எல்லாம் உங்க புகை மெஷினுக்குத் துணைக்கு நிக்கிறவங்க.

டைரக்டர்: கருத்த முகத்தை எடுக்கிறது டெக்னிக்கலா கஷ்டம்ணே. ஃபிலிம் காலத்துல இருந்தே அப்படித்தான்.

லைட்காரர்: ஃபிலிம் காலத்துக் கஷ்டம் தானா வந்ததில்லை, மனுசன் வெச்சது. லேப்ல கலர் சரியா இருக்கான்னு பார்க்க கோடக் அனுப்பின மாதிரி அட்டைக்கு ‘ஷேர்லி’ன்னே பேரு. அதுல இருந்தது வெள்ளைக்காரப் பொண்ணு. அவ தோல் சரியா வந்தா எல்லாம் சரின்னு வெச்சுக்கிட்டாங்க. மரத் தளபாடக்காரங்களும் சாக்லேட் கம்பெனிக்காரங்களும் தங்க சரக்கோட பழுப்பு நிறம் சரியா விழலைன்னு முறைப்பட்டதும், பழுப்பு விழ ஃபிலிமைத் திருத்தினதுக்கு ஒரு காரணம். மனுசத் தோல் சொல்லிக் கேட்காதது அலுமாரி சொல்லிக் கேட்டிருக்கு. இப்போ உங்க கையில இருக்கிற கேமராவுக்கு அந்தச் சாக்கும் இல்லை. 1879இல டிக்கோயாவுல இறந்து பொகவந்தலாவை சேர்ச் தோட்டத்துல அடக்கமான ஜூலியா மார்கரெட் கேமரன், ஈரக் கண்ணாடித் தகட்டை வெச்சுக்கிட்டே இந்த நாட்டு உழைப்பாளிகளோட முகத்தை எடுத்தாங்க. துரைமார் குடும்பந்தான் அவங்களும். அவங்களுக்கு ட்ரோனும் இல்லை, புகை மெஷினும் இல்லை.

டைரக்டர்: நான் நேச்சுரல் லைட் ஆளுணே. இருக்கிற வெளிச்சத்தை அப்படியே எடுப்பேன். பாலு மகேந்திரா ஸ்டைல்.

லைட்காரர்: அந்தப் பேரைச் சொல்லிட்டீங்களா? மட்டக்களப்புப் பையன். கித்துல்கலையில ‘ரிவர் குவாய்’ பாலம் படம் எடுத்தப்போ, டேவிட் லீன் மழைன்னு கத்தினதும் மழை கொட்டினதைப் பார்த்துத்தான் சினிமா ஆசை பிடிச்சதுன்னு அவரே பல தடவை சொல்லியிருக்கார். ஹட்டன் ரோட்டுலதானே இருக்கு கித்துல்கலை! இயற்கை வெளிச்சம்னா கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறதுன்னு அவர் நினைக்கலை. ‘மூன்றாம் பிறை’யில ஊட்டிப் பனியும் இருக்கு, முகமும் இருக்கு. 1982க்கான தேசிய விருதும் அந்த ஒளிப்பதிவுக்குத்தான். அவருக்கு முன்னால கேமராமேன் சுப்ரதா மித்ரா. 1956இல ‘அபராஜிதோ’வுக்காக காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவுல செட் போட்டாங்க. மேல வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, லைட்டை அதுல அடிச்சுத் திருப்பி விழ வெச்சார். வானத்துல இருந்து இறங்கின வெளிச்சம் மாதிரியே இருந்தது. உங்க புகை மெஷின் ஒரு நாள் வாடகையில எத்தனை வேட்டி வாங்கலாம்னு கணக்குப் பாருங்க. பத்துக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவுல வாசலுக்கு வெளிய ஒரு வேட்டியைக் கட்டி வெளிச்சத்தை உள்ள அனுப்பினா, அடுப்படியில இருக்கிற ஆத்தா முகம் கண்ணோட தெரியும்.

டைரக்டர்: லயத்துக்குள்ள போனா வறுமையைக் காட்டி விக்கிறதா சொல்வாங்க. இது விளம்பரம்ணே!

லைட்காரர்: மூஞ்சியைக் காட்டினா வறுமையா? அடச்சீ! இருநூறு வருசமா இந்த மலையைச் செதுக்கினவ கண்ணு தெரியிறதே உங்களுக்கு அவமானமா இருக்கு; அவ கூடை மட்டும் அழகா இருக்கு! விளம்பரம்னு சாக்குச் சொல்லாதீங்க. 1934இல பசில் ரைட் எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’ படத்துக்குக் காசு போட்டதே தேயிலைப் பிரசார சபை. அதுலயே உழைக்கிறவங்க காட்சி மேல சந்தை விலை சொல்ற குரலை ஓட விட்டாங்க. காசு யாரோடதா இருந்தாலும் என்ன காட்டலாம்னு யோசிக்க இடம் இருந்திருக்கு. நீங்க யோசிக்கிற இடத்துலயும் புகையை ஊதிட்டீங்க.

டைரக்டர்: சரி, முகத்துக்குப் பலகை பிடிக்கிறோம். அப்போ காலை எட்டு மணி வெளிச்சத்துல ஒரு ஏழு டேக் போகணும்.

லைட்காரர்: அவ கொழுந்து எடுக்கிற நேரமும் அதுதான். ஏழு டேக் நீங்க நிறுத்தி வெச்சா கொழுந்து நிறை குறையும். நிறை குறைஞ்சா அரைப்பேர்தான் போடுவாங்க, அரை நாள் சம்பளம். மிச்ச அரைப்பேரை யார் குடுக்கிறது?

டைரக்டர்: அது பட்ஜெட்ல இல்லையேண்ணே... மெஷின் வாடகைக்கே சரியாப் போச்சு.