12 மீட்டர் சார்

கோவா அயர்ன்மேன் 70.3 போட்டிக்கு இன்னும் நாலைந்து மாதம் இருக்கும்போதே 12 மீட்டர் சார் தயாராகிவிடுவார். நீச்சலுக்கு இல்லை, ஓட்டத்துக்கும் இல்லை. புகாருக்கு.

பெற்றோர் வைத்த பெயர் வேறு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் மிதிக்கும் எந்தக் குழுவில் போய், "அந்த 12 மீட்டர் சார் வந்துட்டாரா?" என்று கேட்டாலும் ஆள் யாரென்று புரிந்துவிடும். சிலர் அவசரமாக வேறு குழுவில் போய்ச் சேர்ந்துகொள்வார்கள்.

விதி என்னவோ எளிமையானதுதான். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த நீண்ட தூர டிரையத்லானின் சைக்கிள் பகுதியில், சாதாரணப் போட்டியாளர்களில் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே 12 மீட்டர் இருக்க வேண்டும். முன்னவரின் முன்சக்கர முனையிலிருந்து பின்னவரின் முன்சக்கர முனை வரை கணக்கு. அதற்குள் நுழைந்தால் 25 நொடிக்குள் முந்திவிட வேண்டும். முந்தப்பட்டவர்தான் வேகத்தைக் குறைத்து மறுபடி இடைவெளி விட வேண்டும். எல்லாம் காற்றினால் வந்த வினை. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவருக்குக் கால்வாசி உழைப்பாவது மிச்சம். இதைத்தான் 'டிராஃப்டிங்' என்கிறார்கள். மாட்டினால் நீல அட்டை. அடுத்து வரும் பெனால்டி டென்ட்டில் 5 நிமிடம் சும்மா நிற்க வேண்டும். போட்டிக் கடிகாரம் மட்டும் நிற்காது. மூன்று நீல அட்டை வாங்கினால் மூட்டையைக் கட்டலாம்.

விதியைப் படித்துவிட்டு நீயும் நானும் சைக்கிளைத் துடைக்கப் போய்விடுவோம். 12 மீட்டர் சார் அப்படிப்பட்டவர் அல்ல. அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் தன் சைக்கிளையும் மகனின் சைக்கிளையும் வரிசையாக நிறுத்தி, வாட்ச்மேனை டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையைத் தானே பிடித்து அளந்தார். ஏறக்குறைய ஐந்து கார் நிறுத்தும் இடத்தின் அகலம் வந்தது. சாக்பீஸால் கோடு போட்டார். கோட்டின் இந்தப் பக்கம் நின்று பார்த்தார், குனிந்து பார்த்தார், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். வாட்ச்மேன் கடைசியில் பொறுக்கமாட்டாமல், "சார், எந்த வண்டிய விக்கிறீங்க?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து அவர் கண்ணில் அந்த டேப் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. திருவான்மியூரில் கிளம்பி மாமல்லபுரம் போய்ச் சேர்வதற்குள் எத்தனை பேர் எத்தனை மீட்டரில் ஒட்டினார்கள் என்று இட்லி வரும் முன்பே சொல்லிவிடுவார். "சார், இது பிராக்டிஸ்தானே, ஒண்ணா ஓட்டத்தானே வந்திருக்கோம்?" என்று யாராவது இழுத்தால் போச்சு. "பிராக்டிஸ்ல பழகினதுதான் ரேஸ்ல வரும் தம்பி." ஒலிம்பிக்கில், டிரையத்லான் அறிமுகமான 2000 சிட்னி முதலே, ஒட்டி ஓட்டுவதற்கு அனுமதி உண்டு என்று ஒருமுறை ஒரு பையன் எடுத்துச் சொன்னான். "அது வேற விளையாட்டு" என்று சட்னியைத் தொட்டுக்கொண்டார். அந்தப் பையன் இப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் ஓட்டுகிறான்.

போட்டிக்கு முன் நடக்கும் விதி விளக்கக் கூட்டம்தான் அவருக்குத் திருவிழா. எல்லாருக்கும் பசி. சைக்கிளை ஒப்படைக்க வேண்டும், சீக்கிரம் சாப்பிட்டுப் படுக்க வேண்டும், விடிவதற்குள் மிராமர் கடற்கரையில் நிற்க வேண்டும். "ஏதாவது கேள்வி இருக்கா?" என்று தலைமை நடுவர் கேட்டதும் நடு வரிசையில் ஒரு கை எழும். முன்சக்கரத்திலிருந்தா, பின்சக்கரத்திலிருந்தா? தெரியாமல் கேட்கவில்லை. அந்தப் பதிலை எல்லார் காதிலும் விழவைக்க வேண்டும், அவ்வளவுதான். நடுவர் பதில் சொல்லும்போது 12 மீட்டர் சார் தலையை ஆட்டியபடி திரும்பி, தான் சந்தேகப்படும் நான்கு பேரைத் தேடிப் பிடித்து ஒவ்வொருவராகப் பார்ப்பார்.

அடுத்த நாள் கடலில் 1.9 கிலோமீட்டர். அதில் அவருக்குப் பெரிய கருத்து கிடையாது. தண்ணீருக்குள் எவ்வளவு நெருங்கி நீந்தினாலும் விதி கேட்பதில்லை என்பதால் ஏமாற்றத்தோடுதான் கரையேறுவார். சைக்கிளில் ஏறியதும்தான் உயிர் வரும்.

இங்கே ஒரு கணக்கு. கோவாவில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போட்டியிடுகிறார்கள். ஆயிரம் பேரும் ஒற்றை வரிசையில் விதிப்படி இடைவெளி விட்டுப் போனால் வரிசையின் நீளம் மட்டுமே 12 கிலோமீட்டர். வேகமானவரும் மெதுவானவரும் கலந்து போகும் 90 கிலோமீட்டரில் சில இடங்களில் நெரிசல் ஏற்படத்தான் செய்யும். நேர்மையாக ஓட்டுகிறவர்கூட ஒரு நிமிடம் யாருடைய காற்று நிழலிலாவது மாட்டிக்கொள்வார். மூச்சை இழுத்து மிதித்து முந்துவார், இல்லாவிட்டால் பின்தங்குவார். அதோடு முடிந்தது. 12 மீட்டர் சாரோ மாட்டிக்கொள்வதே இல்லை. அவரைச் சுற்றிப் பிறர்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அவரை ஒருவர் முந்திப் போனால், பின்வாங்க வேண்டியவர் அவர்தான். "அவன் வந்து என் முன்னாடி விழுந்தான், நான் ஏன் குறைக்கணும்?" என்று அதே வேகத்தில் போவார். போய்க்கொண்டே, "டிராஃப்டிங்! டிராஃப்டிங்!" என்று கத்துவார். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கும் அவர் வாய்க்கும் இடையே இரண்டு மீட்டர்.

இந்த வருடம் அப்படிக் கத்தும்போது நடுவரின் மோட்டார் சைக்கிள் அருகில் வந்தது. 12 மீட்டர் சார் கையை நீட்டி முன்னால் போகும் கூட்டத்தைக் காட்டினார். நடுவர் கூட்டத்தைப் பார்த்தார். எங்கிருந்து காட்டுகிறார் என்பதையும் பார்த்தார். நீல அட்டை வெளியே வந்தது.

பெனால்டி டென்ட்டில் நின்ற 5 நிமிடத்தில் அவர் பேசியதைத் தட்டச்சு செய்தால் ஆறு பக்கம் வரும். இதே மாதிரி டென்ட்டில் பெரிய ஆட்களும் நின்றிருக்கிறார்கள். 2016-இல் ஹவாயின் கோனாவில் நடந்த உலகப் போட்டியில் ஜெர்மனியின் பாட்ரிக் லாங்கே சைக்கிளில் தண்டனை வாங்கி 5 நிமிடம் நின்றார். பிறகு மாரத்தானை 2 மணி 39 நிமிடம் 45 நொடியில் ஓடி, அந்தப் பாதையின் ஓட்டச் சாதனையை முறியடித்து மூன்றாவதாக வந்தார். நம்மவரும் கோபத்தோடுதான் வெளியே வந்தார். 21.1 கிலோமீட்டரில் பாதியை நடந்தார்; நடந்துகொண்டே வழியில் கண்டவர்களிடமெல்லாம் வழக்கை எடுத்துச் சொன்னார். டிராஃப்டிங் குறித்த நடுவரின் தீர்ப்பை எதிர்த்து முறையிட முடியாது என்பதும் விதியில் இருக்கிறது. அவருடைய கைபேசியில் அந்தப் பக்கம் மட்டும் திறப்பதில்லை போலும்.

போட்டி முடிந்த மறுநாள் வாட்ஸ்ஆப்பில் விசாரணை. பணம் கட்டி வாங்கிய போட்டிப் புகைப்படங்களைப் பெரிதாக்கி, சக்கரத்தின் விட்டத்தை அளவுகோலாக வைத்து, யார் யாருக்கு எத்தனை மீட்டர் என்று சிவப்புக் கோடு போட்டு அனுப்புவார். "இது 12-ஆ? நீங்களே சொல்லுங்க." கீழே கைகூப்பும் பொம்மைகள். இந்த வருடம் ஒரு குறும்புக்காரர் வேறொரு படத்தைப் போட்டார். வரிசையாக ஐந்து சைக்கிள், நாலாவது ஆள் நம்ம சார். குழு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. 'டைப்பிங்' என்று வந்தது, போனது, மறுபடி வந்தது. பிறகு நீண்ட பதில்: நெடுந்தொலைவு லென்ஸில் எடுத்த படம் தூரத்தைச் சுருக்கிக் காட்டும், தள்ளித் தள்ளி இருப்பவர்களும் ஒட்டி இருப்பதுபோலத் தெரிவார்கள், ஆகவே புகைப்படம் சாட்சி ஆகாது. பேச்சில் பிழையே இல்லை. லென்ஸ் அப்படித்தான் செய்யும். ஆனால் மூன்று வருடமாக அவர் கோடு போட்ட படங்களையெல்லாம் எடுத்தது எந்த லென்ஸ்?

மற்ற விதிகளும் அவருக்கு அத்துபடி. ஹெல்மெட் பட்டையை மாட்டாமல் ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுக்கக் கூடாது, காதில் இயர்போன் கூடாது, கடைசி நேரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டக் கூடாது. ஓட, நடக்க, ஏன், தவழக்கூட அயர்ன்மேன் விதி அனுமதிக்கிறது என்பதும் தெரியும். 1982 அயர்ன்மேனில் ஜூலி மாஸ் கடைசி அடிகளைத் தவழ்ந்தே கடந்து இரண்டாவதாக வந்த கதையைக் கண் கலங்கச் சொல்வார். ஆனால் பெருந்தன்மைக் கதைகள் அவரிடம் எடுபடாது. 2020-இல் ஸ்பெயினின் சாந்தாந்தேரில், முன்னால் ஓடிய ஜேம்ஸ் டீகிள் முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் வழி தவறியதைப் பார்த்து, தியேகோ மென்த்ரிதா நின்று காத்திருந்து அவரை மூன்றாவதாகப் போகவிட்டார். உலகமே கைதட்டியது. "பாதையைத் தெரிஞ்சு வெச்சுக்கிறது போட்டியாளரோட பொறுப்புன்னு ரூல் இருக்கே" என்றார் நம்மவர். 2019-இல் டோக்கியோ ஒலிம்பிக் முன்னோட்டப் போட்டியில் ஜெஸ் லேர்மன்த்தும் ஜார்ஜியா டெய்லர் பிரவுனும் கைகோத்துக் கோட்டைத் தாண்டியதற்காக இருவரையும் நீக்கினார்களே, அதுதான் அவருக்குப் பிடித்த கதை. அயர்ன்மேன் பிறந்த 1978 ஓவாஹு போட்டியையும் விட்டுவைத்ததில்லை. 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்த அந்தப் போட்டியில், ஜான் டன்பருக்குத் தண்ணீர் தீர்ந்துபோய் உதவியாளர்கள் பீர் கொடுத்தார்களாம். "வெளியாள் உதவி. இன்னைக்கா இருந்தா ரிசல்ட்டே கிடையாது."

இதெல்லாம் சிரித்துக்கொண்டே தாண்டிப் போகலாம். தாண்ட முடியாதது ஒன்று இருக்கிறது. தண்ணீர் கொடுக்கும் மேசைகளில் கல்லூரிப் பிள்ளைகள் விடியற்காலையிலிருந்து வெயிலில் நிற்கிறார்கள். சம்பளம் இல்லை; ஒரு டி-சர்ட், ஒரு சாப்பாட்டுப் பொட்டலம், அவ்வளவுதான். அவர்களில் ஒரு பெண் நீட்டிய பாட்டில் கை நழுவிப் போனதற்கு, "எப்படிக் கொடுக்கணும்னு சொல்லித்தரலியா?" என்று 12 மீட்டர் சார் கத்தினார். கத்திவிட்டு, குப்பை போட ஒதுக்கிய எல்லையைத் தாண்டி நூறு மீட்டர் போனபின் ஜெல் உறையை வீசினார். வேண்டுமென்றே குப்பை வீசினால் தண்டனை உண்டு, தன்னார்வலரைத் திட்டினால் போட்டியிலிருந்தே நீக்கலாம் என்று அவர் மேற்கோள் காட்டும் அதே விதிப் புத்தகத்தில் இருக்கிறது. அவர் இன்னும் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இதே மனிதர்தான், பெனால்டி டென்ட்டிலிருந்து புறப்பட்டதும் ரோட்டோரத்தில் டயரைக் கழற்றி வைத்துக்கொண்டு அழும் நிலையில் நின்ற புதுப் பையனைப் பார்த்து பிரேக் பிடித்தவர். முதலில் ஒரு சிறு உபன்யாசம்: "போட்டியாளர் போட்டியாளருக்கு டியூப், பம்ப் கொடுக்கலாம். சக்கரம் கொடுத்துட்டு நான் நின்னுடக் கூடாது. புரியுதா?" பிறகு தன்னிடமிருந்த ஒரே உபரி டியூபைக் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்கவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, டயருக்குள் விரலை விட்டுச் சுற்றிலும் தடவி, துளைத்த கம்பித் துண்டை எடுத்துக் காட்டினார். "இதை எடுக்காம மாட்டினா அதுவும் போயிருக்கும்." மிச்சமிருந்த தூரம் முழுக்க உபரி டியூப் இல்லாமல், கல்லைக் கண்டால் வேண்டிக்கொண்டே ஓட்டினார். இந்தக் கதையைக் குழுவில் சொன்னது அந்தப் பையன்தான். சார் வாய் திறக்கவில்லை.

இப்போது அவருக்குப் புதிய கனவு ஒன்று வந்திருக்கிறது. நியூசிலாந்துக்காரர்கள் உருவாக்கிய ரேஸ்ரேஞ்சர் என்ற கருவியை 2023 முதல் தொழில்முறைப் போட்டிகளில் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு சைக்கிளிலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டு சைக்கிளுக்கு இடையே உள்ள தூரத்தை அவை தாமாகவே அளக்கின்றன. இடைவெளி குறையக் குறைய, முன்னே போகும் சைக்கிளின் பின்பக்க விளக்கு நிறம் மாறி, பின்னால் வருகிறவரை எச்சரிக்கும். கண்ணால் அளக்கும் வேலையே இல்லை, சண்டையும் இல்லை. குழுவில் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கலாம் என்று முதலில் எழுதியவரே அவர்தான். மறுப்பே இல்லாமல் எல்லாரும் சம்மதித்ததில் அவருக்கே கொஞ்சம் திகைப்பு. எப்படி வேலை செய்கிறது என்ற வீடியோவை அன்று இரவு முழுதாகப் பார்த்திருக்கிறார். காலையில் இன்னொரு செய்தி வந்தது: பின்பக்கத்துக் கருவி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று யாராவது விசாரித்துச் சொன்னால் நல்லது.