குத்துச்சண்டையின் பொற்காலம் எது?

கேள்வி: ஐயா, நீலாம்பூர் படகுத்துறையில் காத்திருந்தபோது எங்களுக்குள் விவாதம் மூண்டது. குத்துச்சண்டையின் பொற்காலம் ஜோ லூயிஸ் காலமா, முகம்மது அலி காலமா?
- ஒரு வாசகர், பாராடாங்

பதில்: 1937 முதல் 1949 வரை ஹெவிவெயிட் மகுடம் இழக்காமல், 25 முறை அதைக் காத்து நின்ற ஜோ லூயிஸின் பராக்கிரமத்துக்குச் சிரம் தாழ்த்துகிறேன். ஆயினும், அரசன் ஒருவனே இருந்தால் அது ஆட்சி, மூவர் மோதினால்தான் அது யுகம் என்பது என் அபிப்பிராயம். 1971-இல் அலியை வென்ற பிரேசியரை 1973-இல் இரண்டே சுற்றுகளுக்குள் ஆறு முறை தரையில் வீழ்த்திய ஃபோர்மனை, மறு வருஷமே கின்ஷாசாவில் எட்டாம் சுற்றில் அலி சாய்த்தார் என்றால், அக்காலத்தில் கிரீடம் எவர் சிரத்திலும் சுகமாக உறங்கவில்லை என்பது தெளிவு. 1975-இல் மணிலாவில் அலியுடன் மோதிய போட்டியில், பதினான்கு சுற்றுகள் முடிந்ததும், கண் வீங்கிப் பார்வை மங்கிய பிரேசியர் இன்னமும் எழத் துடிக்க, அவருடைய குரு போட்டியை நிறுத்தியது வீரத்தினும் உயர்ந்த கருணை.

அந்த யுகத்தின் எதிரொலி நம் பக்கமும் கேட்டது: சார்பட்டா, இடியப்ப நாயக்கர் எனும் குத்துச்சண்டைப் பரம்பரைகள் வளர்ந்த சென்னைக்கு 1980-இல் அலியே வந்து, ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். என் தீர்ப்பு: எழுபதுகளே பொற்காலம்.