அய்யனார் காடும் ஆறுமணிக் குருவியும்

எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம். கரிசல் மண். ஊருக்கு மேற்கே அய்யனார் கோயில் காடு. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அதற்குள் சும்மா யாரும் நுழைய மாட்டார்கள். காய்ந்த சுள்ளியைப் பொறுக்கினால்கூட அய்யனார் விடமாட்டார் என்று அப்பாயி சொல்லும். வருஷத்தில் ஒருநாள் கிடாவெட்டுக்கு ஊரே திரண்டு போகும். பொங்கல் வைத்துப் படைத்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடும். மற்ற நாளெல்லாம் காடு குருவிகளுக்குத்தான்.

கோயில் என்று பேரே தவிர, கட்டடம் கிடையாது. மண்குதிரைகள் நாலைந்து, ஒரு சூலம், மேலே ஆகாயம். சுற்றிலும் வீரை, காசா, உலக்கைப்பாலை. பெரிய உயரமில்லை, ஆனால் சூரையும் காரையும் சங்கஞ்செடியும் பின்னிக் கிடக்கும். கிழக்குக் கரையை ஒட்டிய மாவட்டங்களில் ஒருகாலத்தில் பரந்திருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் இது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஐப்பசி மழை பிடிக்கிற சமயத்தில் ஆறுமணிக் குருவி வந்துவிடும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுப் பனிக்காலத்துக்குத் தெற்கே வருகிற பறவை. விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீட்டி அடிக்கும். குரல் கேட்கும், ஆள் தெரியாது. ஒருமுறை காசாப் புதரடியில் கிட்டத்தில் பார்த்தேன். பச்சை முதுகு, கண்ணுக்குக் கறுப்புத் துணி கட்டியதுபோல் ஒரு பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு, வாலோ இருக்கிறதா இல்லையா என்னும்படி குட்டை. அலகால் சருகைப் புரட்டியது. ஈரத்தில் நெளிந்த புழுவை எடுத்தது. இரண்டு தத்து தத்தி அடுத்த சருகைப் புரட்டியது. மரத்தடியில் மக்கும் சருகும், ஓடி ஒளியப் புதரும் இருந்தால் அதற்குப் போதும்.

அப்போது காட்டைச் சுற்றிச் சோளம், கம்பு, வரகு, பருத்தி. பரண் மேல் நின்று கவண் சுற்றிக் கிளி விரட்டுவோம். வரப்புக்கு வரப்பு வேம்பு நிற்கும். இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம், கோழித் தீவனத்துக்கு. டிராக்டர் திரும்ப இடைஞ்சல் என்று வரப்பு மரங்கள் போயின. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கம், முந்திரி, தைலமரம். 2018இல் படைப்புழு வந்து மக்காச்சோளக் குருத்தைத் தின்றபோது வேளாண்துறை மருந்தோடு சேர்த்து இன்னொன்றும் சொன்னது: வயலில் பறவை தாங்கி நடுங்கள். கரிச்சான் உட்கார்ந்து புழு பிடிக்க, 'டி' வடிவில் குச்சி. வேம்பை வெட்டிய அதே வரப்பில் குச்சி நட்டோம். கரிச்சானும் வந்தது, புழுவும் பிடித்தது. ஆனால் கூடு கட்டக் கவட்டை வேண்டுமே, குச்சியில் அது எங்கே இருக்கிறது?

இவ்வளவுக்கும் தப்பி நின்ற கோயில் காடு பக்தியால் சுருங்கிப்போனது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போன பிள்ளைகள் அள்ளிக் கொடுத்தார்கள். கோபுரம் எழும்பியது. சிமெண்ட் குதிரை, தரைக்கு டைல்ஸ், உயர்கோபுர விளக்கு, கார் நிறுத்த இடம். பொக்லைன் வைத்துப் புதர்களைத் துப்புரவு செய்தார்கள். பெரிய மரங்களை ஒருவரும் தொடவில்லை. மஞ்சள் துணி கட்டிக் கும்பிடுகிறார்கள். கிளி இருக்கிறது, மைனா இருக்கிறது, ஆந்தைகூட இருக்கிறது. தரையை நம்பி வந்த குருவிதான் இப்போது வருவதில்லை.

அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 1999இல் சரணாலயமானது. 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளைப் பார்க்க நானும் அங்கே போகிறேன். மனம் நிறைந்துதான் திரும்புகிறேன். அந்த இமயத்தின் அடிவாரத்திலிருந்து வருகிற ஆறுமணிக் குருவிக்கு ஏரியளவு இடம் தேவையில்லை. துண்டு துண்டாக எஞ்சியிருக்கும் கோயில் காடுகளே அதற்குச் சரணாலயம். அரசாணைகூட வேண்டாம், திருப்பணிக் குழு மனசு வைத்தால் ஆகிற காரியம்.

குழுவில் சித்தப்பா இருக்கிறார். "வடக்குப் பக்கத்தையாவது அப்படியே விட்டுடுங்க சித்தப்பா" என்றேன்.

"பாம்பு கெடக்குது தம்பி. புள்ளகுட்டிங்க வந்துபோற எடம்."

அவர் சொல்வதும் நியாயம்தான். நடைபாதைக்கு மட்டும் தடுப்பு வைத்துவிட்டு, அந்தப் பக்கம் யாரும் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றேன். "கூட்டத்துல பேசுறேன்" என்றார். புதருக்குப் பதிலாகத் தேக்கும் மகோகனியும் நடலாமே என்று ஒருவர் சொன்னார். அவற்றின் அடியில் இந்தக் குருவி தங்குமா? காசாப் பழம் தின்கிற சின்னான்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. தரையைச் சுரண்டாமல் நாலைந்து மழைக்காலம் விட்டால், எச்சத்தில் விழுந்த விதை தானாகக் கன்றாகும். மார்கழிக் கூட்டத்தில் மறுபடியும் இதைத்தான் கேட்கப் போகிறேன்.